கணவாய்க் காற்றும் கலர் பலூனும்

மனிதன் ஏறிப் போகிற ஆகாய வாகனங்களில் பலூனுக்கு மட்டும் ஸ்டியரிங் கிடையாது. ஏற்றலாம், இறக்கலாம், திருப்ப முடியாது. காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் அதுவும் போகும். பாலக்காடு மாவட்டத்துக் கன்னிமாரியில் இதை 2025 ஜனவரியில் நேரிலேயே பார்த்துவிட்டார்கள். பொள்ளாச்சியில் பொங்கலை ஒட்டி நடந்த பலூன் திருவிழாவில் கிளம்பிய ஒரு வெப்பக் காற்று பலூன், மாநில எல்லையைத் தாண்டி வந்து அங்கே நெல் வயலில் இறங்கியது. வந்தவர்களுக்குக் காயம் எதுவும் இல்லை. பத்திரிகைகளில் செய்தி வந்தது. அத்தோடு விஷயம் முடிந்துபோனது.

முடிந்திருக்கக் கூடாது. யாருக்கும் ஒன்றும் ஆகாத சம்பவத்தைத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஏதாவது ஆன பிறகு யோசிப்பதற்கு விசாரணைக் கமிஷன் என்று பெயர்.

அந்த பலூன் 'திசை மாறி' வந்ததாகச் சொன்னார்கள். உண்மையில் அது திசை மாறவே இல்லை. தை மாதத்தில் பொள்ளாச்சியில் காற்று எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கம்தான் போயிருக்கிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான ஒரு வாசல். அதுதான் பாலக்காட்டுக் கணவாய். இரு பக்கமும் 2,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள் இருக்க, கணவாயின் தரை 300 மீட்டர்கூட உயரமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு பெரிய திறப்பு வேறெங்கும் கிடையாது. ரயில், தேசிய நெடுஞ்சாலை, அரிசி லாரி எல்லாம் இந்த வழியாகப் போவதைப் போலவே காற்றும் இந்த வழியாகத்தான் போகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து கிழக்கே பாயும். கார்த்திகை தொடங்கி மாசி வரை கிழக்கிலிருந்து மேற்கே வீசும். பாலக்காடு, திருச்சூர் மக்கள் இதற்கு விருச்சிகக் காற்று என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய தமிழில் கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. திசைக்கொரு பெயர் வைக்கும் அளவுக்குக் காற்றை அறிந்தவர்களின் ஊரில்தான் பலூன் எல்லை தாண்டியது ஆச்சரியச் செய்தியாகிறது.

பொங்கல் விடுமுறையில் பொள்ளாச்சியில் பலூன் விட்டால் அது கேரளா பக்கம் நகரக்கூடும் என்பது ஆகவே எதிர்பார்க்க வேண்டிய விஷயம். எதிர்பார்த்தால் அடுத்த கேள்வி வரும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

வயல் இருக்கிறது, தென்னந்தோப்பு இருக்கிறது. அவற்றுக்கு மேலே மின்கம்பிகளும் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து கேரளாவுக்கு மின்சாரம் கொண்டுபோக மலையைக் குடைய வேண்டாம், கணவாய் போதும் என்பதால் உயர் அழுத்த லைன்களுக்கும் இதுவே வழி. 2021ல் தொடங்கி வைக்கப்பட்ட புகளூர்-திருச்சூர் 320 கிலோவோல்ட் லைனும் பாலக்காடு மாவட்டத்தின் வழியாகவே போகிறது. காற்று கொஞ்சம் வடக்கே தள்ளினால் வாளையாறு காடு. தெற்கே தள்ளினால் ஆனைமலை, பரம்பிக்குளம் புலிகள் காப்பகங்கள். அவற்றுக்கும் தெற்கே மலை ஏறிக்கொண்டே போய் இடுக்கி மாவட்டத்தின் ஆனைமுடியில் 2,695 மீட்டரைத் தொடுகிறது. வயலில் இறங்கியது நல்ல நேரம். நல்ல நேரத்தை ஏற்பாடு என்று நினைத்துக்கொள்வதில்தான் ஆபத்து.

பலூன் என்றதும் பஞ்சு போன்ற ஒரு பொருள் என்ற எண்ணம் நமக்கு. கணக்கு வேறு. நாலு பேர் போகக்கூடிய பலூனின் கொள்ளளவு சுமார் 3,000 கன மீட்டர். உள்ளே இருப்பது வெறும் காற்றுதான் என்றாலும், அந்தக் காற்றின் எடையே கிட்டத்தட்ட 3 டன். வெளியே இருக்கும் காற்றைவிட உள்ளே இருக்கும் காற்று சூடாக இருப்பதால் எடை சற்றே குறைகிறது. அந்த வித்தியாசத்தில்தான் கூடை, சிலிண்டர், ஆட்கள் எல்லாம் தூக்கப்படுகின்றன. உள்ளே 100 டிகிரி, வெளியே 20 டிகிரி என்றால் கன மீட்டருக்குக் கால் கிலோ கிடைக்கும். வெளியே வெயில் ஏற ஏற இதுவும் குறையும். பாலக்காட்டு வெயிலில் எவ்வளவு குறையும் என்று சொல்ல வேண்டியதில்லை. இத்தனை டன் காற்றும் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் தரைக்கு வரும்போது பிரேக் கிடையாது. உச்சியில் உள்ள திறப்பை இழுத்துச் சூட்டை வெளியேற்ற வேண்டும். காற்று முழுதாகப் போய்த் துணி படுக்கும்வரை கூடை கவிழ்ந்து இழுபடும். தரையில் பலத்த காற்று இருந்தால் துணி பாய்மரம் ஆகிவிடும்.

அதனால்தான் உலகெங்கும் பலூன்காரர்கள் விடியற்காலையில் பறக்கிறார்கள். சூரியன் எழுந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் தரை சூடாகிவிடும். சூடான தரையிலிருந்து காற்று குமிழ் குமிழாக மேலே கிளம்பும். பருந்துக்கு அது வசதி. பலூனுக்கு வினை, ஏற நினைக்காதபோது ஏற்றும், இறங்க நினைக்காதபோது இறக்கும். தரைக் காற்று மணிக்கு 15, 18 கிலோமீட்டரைத் தொட்டாலே பல நாடுகளில் அன்றைக்குப் பயணிகளை ஏற்றுவதில்லை. மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு இது ஒரு வேகமே அல்ல. பலூனுக்கு இதுதான் எல்லைக் கோடு.

மோசமான வானிலை என்றால் கறுத்த மேகமும் கொட்டும் மழையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி வந்தால் நல்லது; யாருக்கும் பறக்கத் தோன்றாது. ஆளை ஏமாற்றுவது அழகான வானிலைதான். இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று அசையாமல் கிடக்கும். இலைகூட ஆடாது. ஆனால் 500, 1,000 அடிக்கு மேலே பலத்த காற்று ஓடிக்கொண்டிருக்கலாம். கீழே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. மேலே போனவருக்குத் தெரிந்து பயனில்லை. வெயில் ஏறியதும் அந்த மேல்காற்று தரைக்கு இறங்கிவிடும். அப்போதுதான் பலூனும் தரைக்கு இறங்கிக்கொண்டிருக்கும்.

இடி மேகம் இன்னொரு ஏமாற்றுக்காரன். மழை பெய்கிற இடத்திலிருந்து குளிர்ந்த காற்று தரையில் விழுந்து நாலா பக்கமும் பாயும். பல கிலோமீட்டர் தள்ளி, வெயில் அடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் திடீரென்று புழுதி கிளம்பும். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் ஏப்ரல், மே மாதங்களின் கோடை மழையும் ஐப்பசியின் துலா மழையும் இந்த ரகம். காலை பளிச்சென்று இருக்கும், மாலை இடி இடிக்கும். ஸ்லோவேனியா நாட்டில் 2012 ஆகஸ்டில் இதுதான் நடந்தது. தலைநகர் லியுப்லியானா அருகே 32 பேரை ஏற்றிக்கொண்டு காலையில் பறந்த பலூன், நெருங்கி வந்த புயல் மழையின் காற்றில் சிக்கி, தரையில் மோதித் தீப்பிடித்தது. 6 பேர் இறந்தார்கள்.

பலூன் விபத்துகள் எல்லாவற்றுக்கும் வானிலையே காரணம் என்று சொல்லக் கூடாது. எகிப்தின் லக்சோரில் 2013 பிப்ரவரியில் 19 பேரைக் கொன்றது இறங்கும் நேரத்தில் பிடித்த எரிவாயுத் தீ. பிரேசிலில் 2025 ஜூனில் 8 பேர் இறந்ததும் கூடையில் பற்றிய தீயால்தான். ஆனால் நமக்குப் பாடமாகக்கூடியது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லாக்ஹார்ட் என்ற ஊரில் 2016 ஜூலை 30ல் நடந்தது. அன்று காலை மூடுபனியும் தாழ்ந்த மேகமும் இருந்தன. கிளம்பத் தாமதமானது. ஆனாலும் கிளம்பினார்கள். மேகத்துக்கு மேலே போய்விட்டு, கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இறங்கியபோது உயர் அழுத்த மின்கம்பியில் மோதினார்கள். கூடையில் இருந்த 16 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அந்த வானிலையில் கிளம்பிப் பயணத்தைத் தொடர்ந்த பைலட்டின் முடிவே காரணம் என்றது. வாகனம் ஓட்டுவதற்கே தகுதியைக் குலைக்கக்கூடிய மருந்துகளை அவர் உட்கொண்டிருந்தார் என்பதும் தெரிய வந்தது. பலூன் பைலட்டுகளுக்கு மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை என்ற சலுகை அப்போது அங்கே இருந்தது. பயணிகளை ஏற்றும் பலூன்களைக் கண்காணிக்க வேண்டும் என்று அதே வாரியம் 2014லேயே எச்சரித்திருந்தது. விமானத் துறை காதில் போட்டுக்கொள்ளவில்லை. மருத்துவச் சான்றிதழ் கட்டாயம் என்ற விதி வர 2022 ஆனது. விதிகள் வருவதற்கு முன்னால் பிணங்கள் வர வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கம் மட்டுமல்ல போலிருக்கிறது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது களத்துமேட்டுக்குச் சரி. பலூனுக்குக் காற்று இல்லாதபோதுதான் வேலை. ஆனால் திருவிழா நடத்துகிறவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தேதி மூன்று மாதம் முன்பே குறித்தாயிற்று. டிக்கெட் விற்றாயிற்று. வெளிநாட்டிலிருந்து பைலட்டுகள் வந்து ஓட்டலில் தங்கியிருக்கிறார்கள். மைதானத்தில் குழந்தைகளோடு கூட்டம். மேடையில் அமைச்சரோ கலெக்டரோ காத்திருக்கிறார். இப்போது ஒரு மனிதர் சின்னக் கருவி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "காற்று சரியில்லை, இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுப்பவரே டிக்கெட் விற்றவர். எத்தனை பேரால் சொல்ல முடியும்?

மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர் மாவட்டத்தில் காந்தி சாகர் அணைப் பகுதியில் 2025 செப்டம்பர் 13ல் நடந்ததைப் பாருங்கள். முதல்வர் மோகன் யாதவ் பலூனில் ஏறினார். அதிகாலையில் அடங்கியிருந்த காற்று அவர் ஏறும் நேரத்தில் மணிக்கு சுமார் 20 கிலோமீட்டரை எட்டிவிட்டது என்று செய்திகள் கூறின. பலூன் எழும்பவில்லை. அடிப்பகுதியில் தீப்பற்றியதாகவும் ஊழியர்கள் அணைத்ததாகவும் சொன்னார்கள். பாதுகாப்பில் குறையே இல்லை என்றது மாவட்ட நிர்வாகம். யார் சொன்னது சரியாக இருந்தாலும் ஒன்று நிச்சயம். ஒரு மாநில முதல்வரிடமே "வேண்டாம்" என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில், பெட்டிக்கடைக்காரர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தால் யார் சொல்லப்போகிறார்கள்? அதே ஆண்டு ஏப்ரலில் ராஜஸ்தானின் பாரான் நகரில், மாவட்ட உதய தின விழாவுக்கான ஒத்திகையில், பலூனின் கயிற்றோடு மேலே இழுக்கப்பட்ட ஊழியர் ஒருவர் கயிறு அறுந்து விழுந்து இறந்தார். விபத்தில் சாகிறவர் எப்போதும் சுற்றுலாப் பயணியாகத்தான் இருப்பார் என்பதில்லை. கயிறு பிடிக்கிற கூலிக்காரருக்கும் அதே காற்றுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1934ம் ஆண்டின் விமானச் சட்டமே பலூனையும் பட்டத்தையும்கூட விமானம் என்ற வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 ஜனவரி முதல் புதிய சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. பலூன் பைலட்டுக்கு உரிமம் வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள் பொருந்தும். ஆனால் டெல்லியில் கொடுக்கும் சான்றிதழ் பலூனின் துணியையும் பைலட்டின் படிப்பையும்தான் பார்க்க முடியும். பொள்ளாச்சியில் தை முதல் தேதி காலை 6 மணிக்குக் காற்று எப்படி என்று அதற்குத் தெரியாது. கொச்சியில் வானிலை ஆய்வு நிலையம் மேல்காற்றை அளக்கிறது. அது கடலோரக் காற்று. கணவாய்க்குக் கணவாயில்தான் அளக்க வேண்டும்.

துருக்கியின் கப்படோக்கியா இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. உலகிலேயே அதிகமாக பலூன் பறக்கும் இடங்களில் ஒன்று அது. அங்கே பறப்பதா வேண்டாமா என்று கம்பெனிகள் முடிவு செய்வதில்லை. விமானப் போக்குவரத்து அதிகாரிகள் காற்றைப் பார்த்துக் கொடி அறிவிக்கிறார்கள். பச்சை என்றால் பறக்கலாம், மஞ்சள் என்றால் காத்திருக்க வேண்டும், சிவப்பு என்றால் வீட்டுக்குப் போகலாம். சிவப்பு விழுந்தால் எல்லாக் கம்பெனிக்கும் சிவப்பு. அதனால் ஜாக்கிரதையாக இருப்பவருக்கு நஷ்டம், துணிந்தவருக்கு லாபம் என்ற நிலை இல்லை. விபத்தே நடக்காத ஊர் என்று அதைச் சொல்ல முடியாது. 2013ல் இரண்டு பலூன்கள் மோதி உயிர்கள் போயின. ஆனால் முடிவெடுப்பவர் கையில் கல்லாப்பெட்டி இல்லை என்பது பெரிய விஷயம். நம் நாட்டிலேயே இமாசலப் பிரதேசம் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பாராகிளைடிங்கைத் தடை செய்கிறது. மழைக்காலத்தில் வானம் தெளிவாக இருந்தாலும் தடை தடைதான்.

இடுக்கி மாவட்டத்துக்கு இது இன்னும் அவசரமான விஷயம். வாகமண் மலையில் சர்வதேச பாராகிளைடிங் போட்டிகள் நடக்கின்றன. ராமக்கல்மேட்டில் நின்றால் ஒரு பக்கம் கேரளா, மறுபக்கம் செங்குத்தாக இறங்கும் கம்பம் பள்ளத்தாக்கு. தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அங்கே காற்றாலைகள் சுழல்கின்றன. பாலக்காட்டில் கஞ்சிக்கோட்டிலும் சுழல்கின்றன. காற்றாலை நடுவதற்கு முன்னால் கம்பம் நட்டு மாதக்கணக்கில் காற்றை அளக்கிறார்கள். எந்த மாதம், எந்த மணி, எவ்வளவு வேகம் என்று கணக்கு இருக்கிறது. மின்சாரம் விற்பதற்குக் காற்றை அளக்கத் தெரிந்த அரசுகள், மனிதனை ஏற்றுவதற்கு அளக்காமல் விடுவது என்ன நியாயம்? மலை முகட்டைத் தாண்டுகிற காற்று மறுபக்கத்தில் சுருண்டு கீழே விழும் என்பது காற்றாலை என்ஜினியருக்குத் தெரியும். டிக்கெட் வாங்குகிறவருக்கு யார் சொல்வது?

இடுக்கியிலேயே மூணாறு பக்கத்து ஆனச்சாலில் 2025 நவம்பரில் கிரேனில் தொங்கும் உணவகம் ஒன்று கோளாறாகி, குழந்தைகளோடு வந்த சுற்றுலாக் குடும்பம் 100 அடிக்கு மேலே நெடுநேரம் மாட்டிக்கொண்டது. தீயணைப்புப் படையினர் கயிறு கட்டி இறக்கினார்கள். 2023 மார்ச்சில் வர்க்கலையில் பாராகிளைடரில் போன கோவைப் பெண்ணும் பயிற்சியாளரும் உயர் கோபுர விளக்குக் கம்பத்தில் சிக்கித் தொங்கினார்கள். பலூன் இல்லைதான். ஆனால் கதை ஒன்றே. மேலே ஏற்றத் தொழில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இறக்க முடியாமல் போனால் தீயணைப்பு நிலையத்துக்கு போன் போகிறது. அங்கே இருப்பவர்களுக்கு அப்போதுதான் விஷயமே தெரிகிறது.

இதற்குப் பெரிய திட்டம், பெரிய பணம் எதுவும் தேவையில்லை. பலூன் பறக்கும் நாட்களில் மைதானத்தில் மட்டுமல்லாமல் 1,000, 2,000 அடி உயரத்திலும் காற்றை அளக்க வேண்டும். ஹீலியம் அடைத்த ஒரு சிறு பலூனை விட்டு, அது போகிற போக்கைப் பார்ப்பது பழைய முறைதான். இன்றும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. பறக்கலாமா என்று சொல்லும் அதிகாரம் அமைப்பாளரிடம் சம்பளம் வாங்காத ஒருவரிடம் இருக்க வேண்டும். அவர் சொல்லும் 'வேண்டாம்' எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் மாறக் கூடாது. பறக்காவிட்டால் பணம் முழுதாகத் திரும்பக் கிடைக்கும் என்று டிக்கெட்டிலேயே அச்சடிக்க வேண்டும். பணம் போய்விடுமே என்று நச்சரிக்கும் பயணியும் பைலட்டை மேலே தள்ளுகிறவர்தான்.

எல்லைக்கு என்று தனியாக ஒரு ஏற்பாடும் வேண்டும். பொள்ளாச்சியில் பலூன் கிளம்பும் காலையில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை போலீசுக்கும் தீயணைப்பு நிலையங்களுக்கும் தகவல் இருக்க வேண்டும். இரு மாநில மின்வாரியங்களும் லைன் போகும் பாதையைப் படமாக பைலட் கையில் கொடுக்க வேண்டும். வனத்துறைக்குத் தெரிந்திருக்க வேண்டும். இறங்கிய வயலில் பயிர் நாசமானால் விவசாயிக்கு யார், எத்தனை நாளில் பணம் கொடுப்பது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணீருக்கு 1970லேயே உடன்பாடு எழுதிக்கொண்ட மாநிலங்களுக்கு, வருஷத்தில் சில நாள் பறக்கும் பலூனுக்கு ஒரு சுற்றறிக்கை எழுதுவது கஷ்டமான காரியம் அல்ல.

பலூன் திருவிழாவை நிறுத்திவிட வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. தென்னந்தோப்புகளுக்கு மேலே விடியற்காலையில் ஒரு பெரிய கலர் பலூன் மெல்ல எழும்புவது பார்க்க வேண்டிய காட்சி. பொள்ளாச்சிக்கு நாலு காசு வருவதும் நல்லதே. ஆனால் அடுத்த தை மாதமும் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து மேற்கேதான் வீசும். திருவிழாத் தேதி குறிக்கிற கூட்டத்தில், காற்று சரியில்லாத காலையில் பலூன் கிளம்பாது என்று உத்தரவாதம் தருகிற ஒரு கையெழுத்தும் இருக்க வேண்டும். அது யாருடைய கையெழுத்து என்று டிக்கெட் வாங்குகிற தகப்பன் கேட்டால், கோவை கலெக்டர் அலுவலகத்தில் பதில் இருக்க வேண்டும். பாலக்காட்டிலும் இருக்க வேண்டும்.